முப்பது பாம்பு

ஐம்பதுகளில் சிவகாசி அச்சகம் ஒன்றில் படம் வரைகிற வேலை பார்த்தேன். வைகுண்ட ஏகாதசிக்கு நான் புதிதாக வரையும் பரமபத அட்டையை, காகிதம் அடுக்கும் பெண்கள் விரும்பி விளையாடினால்தான் அச்சிடுவேன் என்றார் முதலாளி.

எனக்குத் திமிர் அதிகம். ஆட்டம் என்றால் கஷ்டம் வேண்டும் என்று முப்பது பாம்பு வரைந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தாயம் உருட்டிய ஒருத்தியும் பாதியைத் தாண்டவில்லை.

"ஏணிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

கோபத்தில் எல்லாப் பாம்பையும் வெள்ளை பூசி மறைத்தேன். மறுநாள் ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் பரமபதம் சேர்ந்து கொட்டாவி விட்டார்கள்.

"செத்தவுக கூட இம்புட்டு சீக்கிரம் வைகுண்டம் போக மாட்டாக" என்றாள் ஒருத்தி. "மோட்சத்துக்கு முந்தின கட்டத்துல ஒரு பாம்பு போடுங்க. அங்கன கடிச்சாத்தான் மறுபடி ஏறத் தோணும்."

வேண்டாவெறுப்பாக அதையும், கீழே நாலைந்து சின்னப் பாம்புகளையும் போட்டேன். அடுத்த நாள் மணி அடித்தும் யாரும் எழவில்லை. நானும் ஆடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாம்பு மூன்றாவது முறை என்னைக் கடித்ததும் அட்டையைத் தூக்கி எறிந்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த முதலாளி சொன்னார்: "வரஞ்சவனுக்கே இம்புட்டு ரோசம் வருதுன்னா, அச்சுக்குப் போடுங்கலே!"