அப்பாவின் உடல்வாகு

தீயணைப்புப் படைத் தேர்வில் போன வருடம் அவள் தோற்றுப்போனாள். ஒல்லியாக வேண்டுமென்று பட்டினி கிடந்ததில் கொழுப்போடு சதையும் கரைந்து, ஆள் கனத்துக்குச் செய்த பொம்மையைத் தூக்கும்போதே மயங்கி விழுந்தாள்.

"நான் எவ்வளவு தின்னாலும் ஒட்டாது, அம்மா வாகு. நீ அப்பா வாகுடி. எலும்பையா இளைக்க வைப்ப?" என்று அக்கா அதட்டினாள். அன்றிலிருந்து தங்கை வயிறாரச் சாப்பிட்டு, மூட்டை தூக்கிப் பழகினாள்.

இன்று பொம்மையைத் தோளில் ஏற்றியதும், "பூசணிக்காய் உருளப் போகுது," என்று வரிசையில் ஒருவன் சிரித்தான். பாதி வழியில் தொடை நடுங்கியது, கண் இருட்டியது. வேலிக்கு வெளியே அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து முடிவுக் கோட்டைத் தாண்டினாள்.

"இறக்கி வைம்மா, தேறிட்ட," என்றார் அதிகாரி. அவளுக்கு அழுகைதான் வந்தது.