திரிபுரசுந்தரி உழைத்து வாங்கிய முப்பத்தெட்டு மார்க்

கணக்குப் பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்று பயந்தவர்கள் மட்டாஞ்சேரியில் ஏராளம். தோற்கவும் கூடாது, நன்றாக எழுதிவிடவும் கூடாது என்று பத்து மாதம் உழைத்தவள் திரிபுரசுந்தரி ஒருத்திதான்.

அவள் அப்பா வெங்கிடேஸ்வரன் துறைமுகத்தை ஒட்டிய ஐலண்டில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. தினமும் தோப்பும்படிப் பாலம் தாண்டிச் சைக்கிளில் போய் வருவார். ஏலம் முடிந்த தேயிலைப் பட்டியல்கள் வீட்டுக்கு வரும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கம் ஒன்றில், 1973இல், ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, திரிபுரா தன் எதிர்காலத்தை எழுதினாள். யோசித்தது தமிழில், எழுதியது மலையாளத்தில். பத்தாம் வகுப்பு, ப்ரீ-டிகிரி, பி.ஏ. இங்கிலீஷ், பி.எட்., எத்தியோப்பியாவில் இங்கிலீஷ் டீச்சர். ஒவ்வொன்றுக்கும் எதிரே வருஷம் போட்டிருந்தாள். கல்யாணம் என்று ஒரு வரி அதில் இல்லை. விட்டுப்போனதல்ல, விட்டது.

எத்தியோப்பியாவை அவள் தலையில் ஏற்றியது அடுத்த வீட்டுக் கமலாக்ஷி. அவளும் புருஷனும் அங்கே வாத்தியார் வேலை பார்த்தார்கள். லீவில் வந்திருந்தபோது போகிற போக்கில் சொன்னாள்: "அங்கே நாம இங்கிலீஷ்லே வாய் தெறந்தா, அறுபது குட்டிகளும் ஆடாம அனங்காம கேக்கும்டீ."

திரிபுரா வாய் திறந்தால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அறுபது பேர் என்ற எண்ணிக்கை அவளுக்குள் இறங்கிவிட்டது.

மறுவருஷம் எத்தியோப்பியாவில் ராஜாவை இறக்கிவிட்டுப் பட்டாளம் ஏறியது. அவள் பேப்பரைப் படித்தாள், எத்தியோப்பியாவை அடித்தாள், நைஜீரியா என்று எழுதினாள். வருஷங்களைத் தொடவில்லை.

ராஜாவும் பட்டாளமும் கெடுக்காத திட்டத்தைக் கெடுக்க வந்தது அவளுடைய கெட்டிக்காரத்தனம். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். கணக்கு வருகிற குழந்தை ப்ரீ-டிகிரியில் கணக்கும் சயன்ஸும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கும். அதில் கேள்வியே கிடையாது. சரித்திரமும் பொருளாதாரமும் உள்ள தேர்ட் குரூப், வேறு கதி இல்லாதவர்களுக்கு. மார்க் இருந்தும் ஒருத்தி தேர்ட் குரூப்பில் சேர்ந்தால், உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா என்று தெருவில் விசாரிப்பார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தாள்.

"அப்பா, நான் இங்கிலீஷ் படிக்கட்டுமா?"

"பேப்பர் வருதே, வாசி. ஆரு வேண்டாம்னா?"

"அதில்லே. மெயினா எடுத்து. பின்னே நைஜீரியாவுக்கு டீச்சரா போவேன்."

அம்மா மீனாக்ஷி மோர் விடுவதை நிறுத்தினாள். "அங்கே நம்மவா ஆராவது உண்டோ?"

"நான் போனா உண்டு."

அப்பா சிரித்துவிட்டார். "ஃபர்ஸ்ட் குரூப், பி.எஸ்ஸி., பாங்க் பரீக்ஷை. காலம்பற போட்டிலே எர்ணாகுளம், சாயங்காலம் போட்டிலே ஆத்துக்கு. வெறுதே எதுக்குக் கடல் தாண்டணும்? மொதல்லே மார்க் வரட்டும்."

மார்க் வந்தால் பாங்க். வராவிட்டால் நைஜீரியா. அப்பா சொன்னதை அவள் இப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் எந்தக் காலேஜும் ஃபர்ஸ்ட் குரூப் தராது என்று விசாரித்து வைத்தாள். முப்பத்தைந்து இல்லாவிட்டால் பரீட்சையே போச்சு. குறி நாற்பது. ஆனால் அளந்து தப்புச் செய்வது லேசான வேலையல்ல. எந்த வரியில் சறுக்கினால் ஒரு மார்க் போகும், எதில் முழுக் கணக்கும் போகும் என்று தெரிய வேண்டும். அதற்கு முதலில் சரியான விடை தெரிய வேண்டும். பழைய கேள்வித்தாள்களைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் ஒருதடவை சரியாகவும் ஒருதடவை தப்பாகவும் போட்டாள். பரீட்சை வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் அவளைவிடக் கணக்குத் தெரிந்த பெண் இல்லை.

1975இல் மார்க் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் கைக்கு வந்தது. இங்கிலீஷ் எழுபத்தொன்பது. கணக்கு முப்பத்தெட்டு.

அப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள்.

"பேப்பர் ரொம்பக் கஷ்டமோ?"

"ம்."

"போகட்டும். எனக்கும் கணக்கு வராது." காலையிலிருந்து சாயங்காலம்வரை கம்பெனிக் கணக்கைக் கூட்டிப் பெருக்குகிற மனிதர் சொன்னார். "நம்ம குடும்பத்திலே ஆருக்கும் வராது."

விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். அவள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது, இதற்கு இல்லை.

மற்றபடி எழுதினது எழுதினபடி நடந்தது. தேர்ட் குரூப், பி.ஏ., பி.எட். இடையில் இரண்டு ஜாதகங்கள் வந்து போயின. 1982இல் நைஜீரியாவுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள், எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் இன்டர்வியூ என்று விளம்பரம் வந்தது. அப்பாவும் கூட வந்து, திறந்திருந்த கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே இருந்த நைஜீரிய அதிகாரி உருவத்தில் பெரியவர், குரலில் மெல்லியவர். "இங்கிலீஷ் சொல்லித்தருவதற்கா?" என்று வியந்தார். "அதற்கு எங்களிடமே ஆள் உண்டு. எங்களுக்குத் தட்டுப்பாடு கணக்கு வாத்தியாருக்கு. கணக்கும் எடுப்பீர்களானால் பேசலாம்." எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தைத் திருப்பினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "முப்பத்தெட்டு."

ஒன்பது வருஷத் திட்டம் அந்த விரலுக்கடியில் கிடந்தது. பரீட்சையன்று உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். கேட்பதற்கும் நன்றாக இருக்கும். கதவுக்கு வெளியே அப்பா இருப்பதும் தெரியும். ஆனாலும் சொன்னாள்: "அது வேண்டுமென்று வாங்கியது."

நடந்ததை அவர் முழுக்கக் கேட்டார். நம்பினதாகத் தெரியவில்லை. ஒரு தாளில் ஐந்து கணக்கு எழுதித் தந்தார். போட்டுக் கொடுத்தாள். அவர் சரிபார்த்து முடித்ததும், ஒவ்வொன்றிலும் எந்த வரியில் சறுக்கினால் எத்தனை மார்க் போகும் என்று குறித்துக் காட்டினாள். அதிகாரி சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை.

இருவரும் போட் ஏறித் திரும்பினார்கள். மட்டாஞ்சேரி ஜெட்டியில் கயிறு போடும்போது அப்பா சொன்னார்.

"பேப்பர் கஷ்டம்னு சொன்னியே, அது கள்ளம்."

"ஆமாம்ப்பா."

"எனக்குக் கணக்கு வராதுன்னு சொன்னேனே. அதுவும் கள்ளமாக்கும்." இறங்கிக்கொண்டே சொன்னார், "எனக்கு நன்னா வரும்."

அவளும் இறங்கினாள். "அப்போ நான் போகட்டுமா?"

"மார்க் வரட்டும்னேன். இன்னிக்கு வந்தாச்சே."

செப்டம்பரில் போனாள். முதல் கடிதத்தில் டைம்டேபிளைக் காப்பி பண்ணி அனுப்பியிருந்தாள். வாரத்துக்கு இருபது பீரியட் கணக்கு, நாலு பீரியட் இங்கிலீஷ். க்ளாஸில் அறுபத்திரண்டு பேர். அனங்காமல் கேட்கிறார்கள் என்று கமலாக்ஷி சொன்னது சுத்தப் பொய்.

வெங்கிடேஸ்வரன் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளைக் கணக்குக்காரியாக்கப் பார்த்தவர் அவர்தான். ஆனால் தெருவில் யாராவது, "குட்டிக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டால், சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொல்லுவார்:

"இங்கிலீஷ் டீச்சர்."