தேயிலை அடைத்த ரவிக்கை

என் கலைவாழ்க்கை, வரிசையாக நின்ற ஐந்து பெண்களில் கடைசிப் பெண்ணாகத் தொடங்கியது. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. காலைத் தூக்க வேண்டும், பிறகு இறக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் மழைக்குத்தான் ஒதுங்கியிருக்கிறேன். எங்கள் மலையில் தினமும் மழை பெய்தும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. அப்படிப்பட்டவனுக்கு வசனமில்லாத வேடம் என்பது சாமி பார்த்துக் கொடுத்தது.

ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலம் அது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை தன் நாயைக்கூடக் கூப்பிடாமல் காரேறிப் போய்விட்டார். அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தார். எங்கள் வாய்க்குத் துரை என்றுதான் கூப்பிடத் தெரியும். அதனால் அவர் ஜப்பான் துரை ஆனார். நாயும் அவரிடமே ஒட்டிக்கொண்டது. கப்பல் வராததால் தேயிலையை வாங்க ஆளில்லை. ஃபேக்டரியில் அது பெட்டி பெட்டியாகக் கிடந்து பழசாகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு அரிசி கிடையாது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, சாயங்காலம் ஒரு மாறுதலுக்காக மரவள்ளி இலை. துணியும் கிடையாது. கோணிச் சாக்கில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது சயாம் லோரி. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டான். ஆளைக் காட்டிக் கொடுக்கும் வேலை கங்காணியுடையது. காலையில் தப்பு அடித்ததும் எல்லாரும் வரிசையாக நிற்போமே, அந்தப் பெரட்டில்தான் அவர், இன்றைக்கு எந்தத் தேயிலைக் காட்டில் யாருக்கு வேலை என்று பிரித்துக் கொடுப்பார். அதே பெரட்டில் தன் பிரம்பை நீட்டி, “நீ, நீ, அப்புறம் நீ” என்பார். பிரம்பு காட்டியவன் லோரியில் ஏறுவான். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். ஒருவனும் திரும்பவில்லை.

முதல் லோரியிலேயே என் பக்கத்து வீட்டுக்காரன் போனான். தோட்டத்துத் திருவிழாக் கூத்துகளில் அவன்தான் எங்களுக்குக் கதாநாயகி. அவன் இடுப்பை அசைத்தால் கிழவர்கள்கூட வெற்றிலையை மெல்ல மறந்துவிடுவார்கள். வேடத்துக்கென்று அவனே தைத்த சிவப்பு ரவிக்கை ஒன்று அவன் பெண்டாட்டியிடம் இருந்தது.

கொஞ்ச நாளில் ஜப்பான் துரைக்குப் பொழுதுபோகவில்லை. ஆட்டம் பாட்டம் ஏதாவது வேண்டும் என்றார். அதை எங்களுக்கு மொழிபெயர்த்தவர் கிராணி. ஆபீஸ் கணக்குப் பார்க்கிறவர், மலாய் தெரிந்தவர். ஒரு தடவை கீழே ஈப்போ டவுனில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். ஒரே உயரத்தில் பெண்கள் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்களாம். அன்றிலிருந்து மனிதருக்கு வேறு கனவே கிடையாது.

“கத எதுவும் வேணாம்டா. ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு, ஒரு டான்ஸு, மறுபடி ஒரு பாட்டு. அதான் இப்ப ஒலகத்துல நடக்குது,” என்றார்.

“பொம்பளைங்களுக்கு எங்க போறது, கிராணி ஐயா?”

“மீசைய எடுத்துட்டா நீங்கதான் பொம்பளைங்க.”

யாரும் மசியவில்லை. அப்போது கங்காணி ஒரு வார்த்தை சொன்னார். “டான்ஸ்ல இருக்கிறவன் லோரியில ஏற வேணாம்னு ஜப்பான் துர சொல்லிட்டாருலா.”

மறுநாள் தோட்டம் முழுக்க ஆம்பிளைகள் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஐந்து பேரை எடுத்தார்கள். திறமையைப் பார்த்து என்னை எடுத்ததாகப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அந்தச் சிவப்பு ரவிக்கை எனக்குத்தான் பொருந்தியது.

பக்கத்து வீட்டுக்காரி அதைக் கையில் கொடுத்தபோது, “கிழிச்சிடாதீங்கண்ணே. அவரு வந்தா கேப்பாரு,” என்றாள்.

ஒத்திகைக்கு இடம் வேண்டும். தோட்டத்தில் இருந்த ஒரே சமதரை பெரட்டுக் களம். பெரட்டுக்கு நிற்க ஓர் ஓரத்தை மட்டும் விட்டு, அதையும் கொத்தி மரவள்ளி நட்டாகிவிட்டது. ஃபேக்டரியில் பழகினால் எல்லாரும் முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள் என்று கிராணிக்குப் பயம். கடைசியில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் பழகினோம். எங்களுக்கு இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். இடது முழங்காலை மடக்கி, உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்தால்தான் நிற்கவே முடியும். அப்படியே நின்று வலது காலை உதைப்போம். ஒருவனும் உருளவில்லை. ஈப்போக்காரிகள் பிச்சை வாங்க வேண்டும் என்றார் கிராணி.

ஆட்ட நாள் வந்தது. ஃபேக்டரிக்குள் விற்காத தேயிலைப் பெட்டிகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே எங்களுக்கு இடது பக்கம் கங்காணி ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தார். அந்த ஊரில் ஆர்மோனியம் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அதை அவர் ஆளைத் திட்டுவதுபோலவே வாசிப்பார். முகத்துக்கு மரவள்ளி மாவு பூசினோம். மார்புக்கு அடைக்கப் பஞ்சு இல்லை. தோட்டத்தில் ஏராளமாகக் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு சின்னப் பைகளில் தேயிலைத் தூளைக் கட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்துவிட்டு என் பெண்டாட்டி, “இத்தன வருசத்துல உங்கள நான் இப்பதான் நல்லா பாக்கறேன் மாமா,” என்றாள்.

பாட்டு தொடங்கியது. எங்கள் தலைக்குத் தெரியும் இது சமதரை என்று. காலுக்குத் தெரியவில்லை. இடது முழங்கால் தானாக மடங்கியது. உடம்பு இல்லாத மேட்டின் மேல் சாய்ந்தது. ஒவ்வோர் உதைக்கும் ஐந்து பேரும் ஒற்றுமையாக இடப் பக்கம் நகர்ந்தோம். கிராணி திரை மறைவிலிருந்து, “ரைட்டுக்கு வாங்கடா! ரைட்டு!” என்று கத்தினார். ரைட்டு எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? மேடை முடிந்தது. முதல் பெண் கங்காணி மடியில் விழுந்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் அவள் மேல். நாலாவது பெண் ஆர்மோனியத்தின் மேல். கடைசி ஆளான நான் நின்றிருக்கலாம். தனியாக ஆட வெட்கமாக இருந்ததால் நானும் போய் விழுந்தேன். வேர்வையில் என் நெஞ்சுத் தேயிலை ஊறி, கங்காணியின் வெள்ளைச் சட்டையில் சாயம் இறங்கியது.

செத்தோம் என்று நினைத்தேன். ஜப்பான் துரை நாற்காலியை விட்டுச் சரிந்து, தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “பாகுஸ்! பாகுஸ்!” என்றார். நன்றாக இருக்கிறது என்பதற்கு மலாய் வார்த்தை அது.

அதன் பிறகு ஓய்வு நாள்தோறும் எங்கள் ஆட்டம் நடந்தது. விழுவதுதான் ஆட்டம். கிராணி ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். “நான் ஈப்போவுல பார்த்தது இது இல்லடா,” என்று கண் கலங்கினார்.

“உசிரு இருந்தா ஈப்போவுக்குப் போயி மறுபடி பார்த்துக்கலாம், கிராணியாரே,” என்றார் கங்காணி.

ஆடி ஆடி எங்கள் கால் சமதரைக்குப் பழகிவிட்டது. கலைஞனுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அதனால் ஆட்டத்துக்கு முன் சரிவில் போய் நின்று, காலைக் கோணலாக்கிக்கொண்டு வருவோம். தோட்டத்து ஜனங்கள் என் முகத்தைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்தார்கள். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற லோரிக்காரன்கூட வண்டியை நிறுத்தி என் காலைப் பார்த்துவிட்டுப் போனான். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தப் புகழ் கீழே தாப்பா வரைக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கங்காணியிடம் கிராணி ஓடி வந்தார்.

“பெரிய ஜப்பான் துர நாளன்னைக்கு வர்றாராம். சயாம்ல வேல செய்றவங்க ரொம்ப சோர்ந்து போயிட்டாங்களாம். அங்க போயி சிரிக்க வைக்க ஒரு கோஷ்டி வேணுமாம். புடிச்சிருந்தா கையோட லோரியில ஏத்திடுவாங்க.”

“யார் யாரு?” என்றார் கங்காணி.

“ஆடுற அஞ்சு பேரு.”

கங்காணி மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

“ஆர்மோனியமும்.”

துணி கீழே விழுந்தது.

சயாமுக்குப் போகாமல் இருக்கப் பெண்ணானேன். பெண்ணானதால் சயாமுக்குப் போகப் போகிறேன். அன்றைக்கு மரவள்ளிக்கிழங்குகூட இறங்கவில்லை.

யோசனை சொன்னது கிராணி. “சரியா ஆடுங்கடா. ஒருத்தனும் விழாதீங்க. சரியா ஆடுனா எவன் பாப்பான்?” இரண்டு நாளும் மேடையிலேயே பழகினோம். சரிவுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் நாங்கள் சரியாக ஆடினாலும், ஜனங்கள் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டால்? ஒருவன் சிரித்தால் போதும், ஃபேக்டரியே சிரிக்கும். பெரிய துரைக்கும் தொற்றிக்கொள்ளும்.

பெரிய துரை வருகிற அன்று காலைப் பெரட்டில் கங்காணி பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னைக்கு வேல என்னன்னா… யாரும் சிரிக்கக் கூடாது.”

“எந்தக் காட்டுல, கங்காணியாரே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யார்ரா அது?”

யாரும் சிரிக்கவில்லை. வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் லயத்தில் வேறு பேச்சு ஓடியது. அந்தப் பிரம்பு காட்டாத வீடு குறைவு. கங்காணியைச் சயாமுக்கு அனுப்ப எல்லாருக்கும் ஒரு வழி கிடைத்திருந்தது. சும்மா வாயைத் திறந்து சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணிப் பைப்படியில் என் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டுக்காரியும் பேசியது என் காதில் விழுந்தது.

“அந்தாளு ஒருத்தன் மட்டும் போறதா இருந்தா, நான் உருண்டு பொரண்டு சிரிப்பேன்க்கா.”

“எம்புருசனும்ல கூடப் போவாரு.”

“அதாங்க்கா யோசிக்கிறேன்.”

என் உயிர் அவள் யோசனையில் இருந்தது. வேறு வழி தெரியாமல் நான் போய் மாவைக் கரைத்து முகத்தில் பூசிக்கொண்டேன்.

பெரட்டில் நிற்பதுபோலவே ஜனங்கள் காட்டுக்கொரு வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய துரை நடுவில், எங்கள் ஜப்பான் துரை பக்கத்தில் பெருமையோடு. முன் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பார்வை கங்காணியின் மேல்.

ஆடினோம். ஐந்து காலும் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக இறங்கின. நேர்க்கோடு. நூல் பிடித்தாற்போல. ஃபேக்டரியில் ஒரு சத்தம் இல்லை. சிரிப்பே இல்லாத ஒரு கூட்டத்தின் முன் கோமாளி நிற்பது இருக்கிறதே, அதை எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன். எனக்குள்ளே ஒரு பாவி, ‘ஒரே ஒரு தடவ மடக்குடா’ என்றான். இடது முழங்கால் துடித்தது. சயாம், சயாம் என்று எண்ணிக்கொண்டே ஆடினேன்.

அப்போது தேயிலை இறங்க ஆரம்பித்தது. காலை அடக்கலாம், வேர்வையை எப்படி அடக்குவது? இரண்டு பைகளிலிருந்தும் சாயம் வழிந்து சாக்குப் பாவாடையில் கோடு கோடாக ஓடியது. பக்கத்து வீட்டுக்காரியின் பார்வை கங்காணியை விட்டு என் நெஞ்சுக்கு வந்தது. அவள் வாய் கோணியது. பின்னால் யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட்டு அடக்கிக்கொண்டார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கங்காணியின் விரல் எங்கேயோ அழுத்தி, ஆர்மோனியம் ஆடுபோல் கத்தியது. அதற்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் சாக்கு நுனியை இழுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். ஆட்டம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

பெரிய துரை கொட்டாவி விட்டார். “தா பாகுஸ்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நன்றாக இல்லை என்றால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! எங்கள் ஜப்பான் துரை விருந்தாளி முன்னால் மானம் போன கோபத்தில், கிராணியின் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

கிராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் வெளிச்சம். “இதான்டா. ஈப்போவுல நான் பார்த்தது இதான்டா.”

வண்டிச் சத்தம் கீழ் வளைவைத் தாண்டியது. பின் வரிசையிலிருந்து அதே பழைய குரல் கேட்டது. “கங்காணியாரே, இப்ப சிரிக்கலாமா?”

“ம்… சிரிங்க,” என்றார் கங்காணி.

நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன். அதற்கே அப்படிச் சிரித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

அதோடு ஆட்டம் நின்றது. ஐந்து பேரையும் ஜப்பான் துரை மரவள்ளிக் காட்டுக்கு விரட்டினார். கங்காணியின் பிரம்பு அதன் பிறகு எங்கள் ஐந்து பேர் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பியது. அது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தபோது பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் மேடைக்கு வந்து கையை நீட்டினாள். நான் ரவிக்கையைக் கழற்றிக் கொடுத்தேன். பைப்படியில் உட்கார்ந்து அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கும்மினாள், மறுபடி தேய்த்தாள். பிறகு பிழிந்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கற போவலண்ணே. அவரு வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“நான் சொல்லிக்கிறேன் தங்கச்சி,” என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவனைச் சிரிக்க வைப்பது கஷ்டம், அவனும் மேடைக்காரன் அல்லவா. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.