சுவரைப் பார்த்த மணிக்கூடு

அந்த மணிக்கூடு இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறது. பின்னறையில், வாவிப் பக்கத்து யன்னலுக்குக் கீழே உள்ள தட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகில் இரண்டு சாவிகள். ஒன்று ஓடுவதற்கு, மற்றது அடிப்பதற்கு. என் மனைவி கடைசியாக அதைத் திருப்பி வைத்து இன்றைக்கு இரண்டு வருடம், மூன்று மாதம், பதினொரு நாள். வீட்டைத் துடைக்க வருகிற பெண்ணிடம் அதை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒரு முறை சொன்னால் போதும் என்று அவள் முகத்தில் தெரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு முப்பத்தொரு வயதாக இருந்தபோது கார்மேல் சபைக் குருவானவர் ஒருவர் எங்கள் கோவிலில் மூன்று நாள் தியானம் கொடுத்தார். நான் முதல் நாள் மட்டும் போனேன். வாயால் சொல்கிற செபத்துக்கு அப்பால் ஒரு செபம் உண்டு, அதில் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றுமில்லை, நம்மை நேசிக்கிற ஒருவரோடு சும்மா இருப்பதுதான் அது என்று அவர் சொன்னார். அடைபட்ட மடங்களில் கம்பிக்குப் பின்னால் வாழும் கன்னியர் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அப்படி இருக்கிறார்களாம். எனக்கு அது பிடிபடவில்லை. செபமாலை என்றால் ஐம்பத்துமூன்று அருள்நிறைந்த மரியே. விரலுக்கு வேலை, மனதுக்குக் கணக்கு. முடிந்தால் முடிந்தது தெரியும். இதில் எது தொடக்கம், எது முடிவு? ஆனால் மனைவி மூன்று நாளும் போனாள். கழுத்தில் கபில நிற உத்தரியத்தோடு திரும்பி வந்தாள், இரண்டு துண்டுத் துணி, ஒரு கயிறு. அடுத்த நாளிலிருந்து பின்னறையில் ஒரு கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் இருக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூட நாட்களில் மாலை ஐந்துக்கு, சனி ஞாயிறுகளில் பின்னேரம் மூன்றுக்கு.

குருவானவர் அவளுக்கு ஒரு சட்டம் சொல்லியிருந்தார். இருக்கும்போது இனிப்பாக இருந்தாலும் இரு, கசந்தாலும் இரு, மணி அடிக்கும் வரை எழும்பாதே. நேரம் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. அதற்காகத்தான் மணிக்கூட்டை அரை மணித்தியாலத்தில் அடிக்கும்படி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். காலையில் அதன் இரண்டு சாவிகளையும் முறுக்குவது என் வேலை. இந்த வீட்டில் முறுக்குவது, பூட்டுவது, அளப்பது எல்லாம் என் வேலையாகத்தான் இருந்தது. அவளுடைய தங்கை வரும்போதெல்லாம் பகிடி பண்ணுவாள்: "அக்கா கண்ண மூடினா ஆண்டவர் வாறாரோ நித்திரை வருதோ, ஆருக்குத் தெரியும்?" மனைவி சிரித்துக்கொண்டே, "ரெண்டும் மாறி மாறி வரும் புள்ள," என்பாள்.

நான் நீர்ப்பாசனப் பகுதியில் மழை அளவு எடுப்பவனாக இருந்தேன். காலை எட்டரைக்கு மழைமானியின் செப்புக் குடத்தைத் தூக்கி, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்து எழுதவேண்டும். மாரியில் அது பெருமையான வேலை. வாவி நிறைந்து வயல் வட்டைக்குள் தண்ணீர் ஏறும் நாட்களில், தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்தை வெட்டலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசும்போது என் எண்ணைத்தான் கேட்பார்கள். கோடையில் அப்படியல்ல. மாதக்கணக்கில் மழையில்லை. வேறு இடங்களில் சிலர் வீட்டிலிருந்தபடியே "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். வானத்தைப் பார்த்தால் தெரியாதா என்பார்கள். நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. வெறுங்குடத்தைத் தூக்கி, கவிழ்த்துப் பார்த்து, பிறகுதான் "இல்லை" என்று எழுதுவேன். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு பிழையான அளவு எழுதியதில்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன். இருபத்துநான்கு வயதில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு வெல்லாவெளிப் பக்கம் வேலையாகப் போனான். மனைவி மூன்று ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இரண்டைத் தின்றான். மற்றதை வந்து தின்கிறேன் என்றான். அவன் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் திரும்பி வராதவர்கள் பலர். அவர்களில் ஒருவன் என்பதற்கு மேல் இன்றுவரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அறுபத்துமூன்று கடிதம் எழுதினேன். பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. நாற்பத்தொரு நவநாள் செய்தேன், அதாவது முந்நூற்று அறுபத்தொன்பது நாள், ஒரு நாளும் விடாமல். மாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் போய் ஆட்களை விசாரித்தேன். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனைவி பின்னறையில் கண்ணை மூடியபடி இருப்பாள். முதல் வருடம் பேசாமல் இருந்தேன். பிறகு கேட்கத் தொடங்கினேன். மகனைத் தரச்சொல்லிக் கேட்டாயா? இன்றைக்காவது கேட்டாயா? அவருக்குத் தெரியும்தானே என்பாள். தெரிந்தவரிடமும் கேட்கத்தான் வேண்டும், கேட்காத செபம் என்ன செபம் என்று நான் சத்தம் போடுவேன். அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான். ஒரு தாய் தன் பிள்ளைக்காக ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேட்கவில்லை என்பது எனக்குள் கிடந்து புளித்தது. அவள் அழுததையும் நான் அதிகம் பார்க்கவில்லை. நான் பார்த்தது நான்கு முறை.

மகன் போய் எட்டாவது வருடம், ஒரு சனிக்கிழமை காலை, ஓடுகிற சாவியை முறுக்கினேன். அடிக்கிற சாவியை முறுக்கவில்லை. மறதி அல்ல. கை சாவியில் இருந்தது, எடுத்துவிட்டேன். மணி அடிக்காவிட்டால் என்ன செய்வாள் பார்ப்போம் என்ற எண்ணம். அலுத்து எழும்பி வந்தால், உன் செபம் இவ்வளவுதானா என்று கேட்க எனக்கு ஒரு வாய் கிடைக்கும்.

மூன்றுக்கு அவள் கதிரையில் இருந்தாள். மூன்றரை ஆனது. நான் கதவு மறைவில் கைமணிக்கூட்டோடு நின்றேன். வாவியில் வெயில் தகரம் போல மின்னியது. மூன்றே முக்காலுக்கு மீன்காரன் ஹோன் அடித்துக்கொண்டு போனான். நான்கு. நான்கு பத்துக்கு அவளுடைய வலது முழங்கால் நடுங்கத் தொடங்கியது; அது வாதம் பிடித்த கால். இப்போது எழும்புவாள் என்று நினைத்தேன். எழும்பவில்லை. உள்ளே போய், "நேரம் போயிற்று, எழும்பு" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். கோபத்தில் தொடங்கினேன், பிறகு வெட்கம், பிறகு எதற்கு நிற்கிறேன் என்றே தெரியவில்லை. மகன் சிறு பிள்ளையாக அந்த யன்னலில் ஏறி நின்று தோணிகளை எண்ணியது நினைவுக்கு வந்தது. எண்ணக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஏழுக்குப் பிறகு ஒன்பது என்பான். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை, யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள்.

அவளுக்குச் சீனி வருத்தம். பின்னேரம் ஒன்றும் சாப்பிடாமல் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். உடம்பெல்லாம் வியர்வை, கை குளிர்ந்திருந்தது. சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கினேன்; கோப்பை அவள் பல்லில் தட்டியது. கொஞ்சம் தெளிந்ததும் கேட்டாள்: "மணி அடிச்சதா?"

"அடிச்சது," என்றேன். "உனக்குக் கேக்கல்ல."

"உண்மையா?"

"உண்மையா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், மெல்ல. "மணி கேக்காத அளவுக்கு எங்கயோ போயிரிந்தா நல்லதுதானே," என்றாள். அந்தச் சிரிப்பை நான் அப்போது எப்படி விளங்கிக்கொண்டேன் என்பதைச் சொல்லவேண்டும். இந்த வழியில் இருப்பவர்களுக்குச் சில வேளை வெளிச்சத்தம் கேட்காமல் போகும், ஆண்டவர் அவ்வளவு கிட்ட வந்துவிடுவார் என்று அந்தக் குருவானவர் முதல் நாளே சொல்லியிருந்தார். என் பொய்யை அவள் அப்படி ஒரு வருகையாக எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கோப்பையைக் கழுவும் சாட்டில் எழும்பிப் போனேன்.

அன்று பொழுதுபடும் நேரத்தில்தான் அவள் முதல் முறையாகத் தன் செபத்தைப் பற்றிப் பேசினாள். நான் கேட்காமலே சொன்னாள். மகன் போன நாளிலிருந்து அங்கே ஒன்றுமில்லையாம். முன்பெல்லாம் கண்ணை மூடினால் யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு நிம்மதி வருமாம். இப்போது எட்டு வருடமாக வெறும் இருட்டு. ஆண்டவர் இருக்கிறார் என்ற நினைப்புக்கூட வருவதில்லையாம். இப்படி ஒரு காலம் வரும், வந்தால் பயப்படாதே, கதிரையை விட்டுப் போகாதே என்றும் அந்தக் குருவானவர் சொன்னாராம். ஆனால் இவ்வளவு நீளம் என்று சொல்லவில்லையாம். அப்படியென்றால் எதற்கு இருக்கிறாய் என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருக்கவில்லை.

"மழை இல்லாத நாளிலயும் நீங்க போய்க் குடத்தத் தூக்கிப் பாத்தீங்கதானே," என்றாள். "ஆரும் பாக்கல்ல, ஆனாலும் போனீங்க. நானும் அப்பிடித்தான் போறன்."

பிழையான அளவு ஒரு நாளும் எழுதாதவன் என்று நான் பீற்றிக்கொண்டதை அவள் எடுத்து இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நான் பொய் அளவு ஒன்றைச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் ஆறு வருடம் இருந்தாள். ஒவ்வொரு காலையும் இரண்டு சாவிகளையும் முறுக்கினேன். முறுக்கிவிட்டுத் திரும்பிப் போய் மீண்டும் தொட்டுப் பார்த்தேன். அந்த வேலையை அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்ல ஏழு முறை வாயெடுத்தேன். ஒரு முறை அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்; ஒரு முறை கோவிலிலிருந்து வரும் வழியில்; மற்றவையும் நினைவிருக்கின்றன. எட்டு வருட இருட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு வெளிச்சம் நான் முறுக்காமல் விட்ட சாவி என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் சிறுநீரகம் பழுதாகி ஆசுப்பத்திரியில் கிடந்தாள். மதியம் பார்வையாளர் நேரத்தில் நான் கட்டிலருகே நின்று சேலைன் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன், நிமிடத்துக்கு இருபத்திரண்டு. "எண்ணுறத விட்டுட்டு இரிங்க," என்றாள். முக்காலியை இழுத்து இருந்தேன். எட்டாவது முறையாக வாயெடுத்தேன். அந்தச் சனிக்கிழமை என்று தொடங்கியதுமே அவள் கையைத் தூக்கினாள்.

"மணி அடிக்கல்ல. எனக்கு அண்டைக்கே தெரியும்."

அவளே சொன்னாள், மூச்சு விட்டு விட்டு: "மீன்காரன்ட ஹோன் கேட்டிச்சு. காகம் கத்தினது கேட்டிச்சு. மணி மட்டும் கேக்காம போகுமா?"

"பின்ன ஏன் எழும்பல்ல?"

"நீங்க வாசல்ல நிண்டீங்க. மூச்சுக் கேட்டிச்சு. அவன் போன பிறகு நாம ரெண்டு பேரும் அவனுக்காக ஒண்டா இரிந்தது அண்டைக்கு மட்டும்தான். மணி அடிச்சிரிந்தா நீங்க போயிரிப்பீங்க." பிறகு பழைய பகிடிக் குரலில், "மறுகா ஒரு நாளும் சாவிய மறக்கல்ல நீங்க," என்றாள்.

அடிக்காத மணிக்காக இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் அவள் கூடுதலாக இருந்தாள். நான் சோதிக்க நின்றதை அவள் துணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவளுக்கு அருகில் இன்னொரு கதிரையைப் போட்டு இருந்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஒரு நாளாவது இருந்தேனா என்றால், இல்லை. சாவியைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை அவள் போனாள்.

இப்போது பின்னேரம் மூன்றுக்கு நான் பின்னறைக்குப் போகிறேன். அவளுடைய கதிரையில் இருப்பதில்லை. அன்று நின்ற இடத்திலேயே, வாசலில், ஒரு முக்காலியைப் போட்டு இருக்கிறேன். முன்னால் வெறும் கதிரை, அதற்கு அப்பால் யன்னல், வாவி, தோணிகள். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. இருட்டுக்கூட வருவதில்லை, முழங்கால் வலிக்கிறது, நுளம்பு கடிக்கிறது, காகங்களை எண்ணிவிடுகிறேன். மணி அடிக்கும் வரை எழும்பக்கூடாது என்பது அவளுடைய சட்டம். சுவரைப் பார்த்துக்கொண்டு மணிக்கூடு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஓடுகிற சாவியைக் காலையில் முறுக்கிவிடுகிறேன். மற்றச் சாவியை அவள் போன பிறகு நான் தொடவில்லை.