ஸ்ரீரங்கத்தில் நிலச்சரிவு

"நம்ம ஊர்ல இருக்கறது ஒரே ஒரு பாறை. அதுவும் அசையாது. இதைப் படிச்சுட்டு வந்தா யாரும்மா வேலை குடுப்பாங்க?"

பாலக்கரை மண்டியில் மூட்டை தூக்கும் சித்தப்பா இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனவே பதில் சொல்வதும் என் வேலைதான். நான் ஆராய்வது நிலச்சரிவு. நிலநடுக்கத்தில் மலை சரிந்தால் மரம் மட்டை எல்லாம் மண்ணோடு போய்விடும். முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பச்சை மறைந்த இடங்களை என் புரோகிராம் சிவப்பாகக் காட்டும். வடக்கே நிலநடுக்கம் வந்த ஒரு மலைப்பகுதிக்கு அப்படி வரைபடம் போட்டிருந்தேன். அதை நேரில் சரிபார்க்கப் போகும் குழுவில் என் பெயரும் இருந்தது.

எங்கே, நம்ம ஊரைக் காட்டு என்றார் சித்தப்பா. ஒன்றும் வராது என்ற தைரியத்தில் புரோகிராமை ஓட்டினேன். ஸ்ரீரங்கம் தீவில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. அம்மா கூலிக்குப் போகும் வாழைத் தோட்டமும் சரிந்திருந்தது.

"அண்ணி காலையிலதானே சாப்பாடு கட்டிக்கிட்டு அங்க போனாங்க" என்றார்.

அங்கே தோட்டங்களில் அறுவடை முடிந்து மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பச்சை மறைந்தது உண்மைதான். அவர் சிரித்தார். நான் வடக்கு வரைபடத்தைத் திறந்தேன். அங்கேயும் சில சிவப்புகளுக்கு வரப்பு போட்டதுபோல நேரான ஓரங்கள், படிப்படியாக. இரண்டு படங்களுக்கும் நடுவே மலைவயல்களில் அறுவடை நடந்திருக்கிறது.

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய், அவர் பாராட்டிய வரைபடம் தவறு என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஸ்ரீரங்கத்தில் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அங்க ஏதும்மா மலை?"

"இல்ல மேடம். அதனாலதான் தெரிஞ்சுது."

அவர் சிரிக்கவில்லை. திருத்திய வரைபடத்தைப் பார்த்த பிறகே குழுவை முடிவுசெய்வேன் என்றார்.

நிலநடுக்கத்துக்கு முந்தைய படத்துக்குப் பதிலாக, போன வருடம் அறுவடைக்குப் பின் எடுத்த படத்தை வைத்தேன். இப்போது இரண்டு படங்களிலும் வயல்கள் காலியாக இருந்ததால் சிவப்பிலிருந்து விலகின. மிஞ்சியவை நிஜ நிலச்சரிவுகள்; மலை நெடுக வால் நீட்டிச் சாலைவரை இறங்கியிருந்தன. மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. தென்னூரில் மலையேறும் ஷூ வாங்கிவிட்டேன். புது ஷூ காலைக் கடிக்கும் என்பதால், தினமும் அதைப் போட்டுக்கொண்டு கொள்ளிடக் கரையில் நடக்கிறேன்.