காலி டிஸ்கின் நகல்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் முட்டாள். சாதாரண முட்டாள் என்றால்கூட மன்னித்துவிடலாம். எந்த முட்டாள்தனத்தைப் பிறர் செய்யாமல் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம் தருகிறார்களோ, அதையே வீட்டில் இலவசமாகச் செய்தவன்.

எனக்கு வேலை பூனாவின் கராடியில். கம்பெனியின் தகவல்கள் முழுக்க ஆளுயர ஸ்டோரேஜ் அலமாரிகளில் இருக்கின்றன. இங்கே ஒரு எழுத்து விழுந்தால், ஹைதராபாத்தில் இருக்கும் இன்னொரு அலமாரியிலும் கையோடு அது விழ வேண்டும். பூனாவில் தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அங்கிருந்து பிழைப்பை ஓட்டலாம். பழுதாகி, திரும்ப இணைக்கும்போது மட்டும் ஒரு கண்டம் உண்டு. எது மூலம், எது நகல் என்று நாம்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வீணாய்ப்போனது நல்லதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

அதனால் எங்கள் அணியில் ஒரு வழக்கம். யாரும் தனியாகப் பொத்தானை அழுத்தக் கூடாது. பக்கத்து இருக்கை மராத்தி அம்மாள் என் திரையைப் பார்க்காமலே கேட்பார்: "குடூன்?" எங்கிருந்து. நான் திரையிலிருந்து சத்தமாகப் படிப்பேன். "குடே?" எங்கே. அதையும் படிப்பேன். "தாபா" என்பார், அழுத்து என்று. அழுத்துவேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதை வகுப்பெடுப்பவனே நான்தான். கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பவிசை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பூனா விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் என் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி, சென்னையில் அக்கா வீட்டில் ஒரு பெட்டி. இதில் போடுவது அதிலும் போய்ச் சேரும்.

போட்டதில் உருப்படியானது அப்பாவின் குரல்தான். ஆயுதத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்று என்னோடு இருக்கிறார். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதற்கு முன்னால் ஞாயிறுதோறும் போனில் பேசியதை அக்கா பதிவு செய்து வைத்திருந்தாள். அவள் பூனா வந்தபோது அவள் போனில் ஒயர் மாட்டி என் பெட்டியில் ஏற்றினேன்.

"கோத்தம்பீர் ஒரு கொத்து சும்மா குடுடான்னா மொறைக்கிறாம்மா அந்த பாஜிவாலா. ருக்கோ ருக்கோ, ப்ளேன் போவுது..." காய்கறிக்காரன் கொத்தமல்லி கொசுறு தராத கதையை 'நில்லு நில்லு' என்று அப்பாவே நிறுத்துவார். அப்புறம் போர் விமானத்தின் இரைச்சல். அப்புறம், "ஹாங், இன்னா சொன்னேன்?"

அக்கா ஞாயிற்றுக்கிழமை இதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பாள்.

போன மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் பெட்டியின் டிஸ்க் செத்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. சென்னையில் நகல் இருப்பது பிறகு எதற்கு? புது டிஸ்க் வாங்கிப் போட்டேன். சென்னையில் இருப்பதை இங்கே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எப்போதும் பூனாவிலிருந்து சென்னைக்கே போய்ப் பழகிய அம்புக்குறி அப்படியேதான் இருந்தது. 'எதிர்ப்பக்கம் உள்ளவை அழியும், சரியா?' என்று திரை கேட்டது. அழியப்போவது என் காலி டிஸ்க்தானே என்று, ஒரு கையில் வடாபாவோடு, சரி என்றேன். எங்கிருந்து என்று கேட்கப் பக்கத்தில் ஆளில்லை.

பெட்டி தன் கடமையைச் செய்தது. இங்கிருந்த ஒன்றுமில்லாததை ஒரு துளி சிந்தாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமான நகலை நான் எடுத்ததில்லை.

செத்த டிஸ்கைக் கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "கேலா, பாவூ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். போய்விட்டதாம், அண்ணே. சென்னை டிஸ்கையும் இங்கிருந்தபடியே தோண்டிப் பார்த்தேன். நான்தான் அதைத் திறமையாகத் துடைத்திருந்தேனே.

வீட்டுக்கு வந்தால் அப்பா பால்கனி நாற்காலியில். தலைக்கு மேலே விமானம் போயிற்று. அவர் கை பாதி உயர்ந்தது, யாரையோ நிறுத்தச் சொல்வதுபோல. வாய் திறந்தது. கேட்டது விமானம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"டேய், பொட்டியில ஒண்ணுமே காட்டலடா. அப்பா எங்க?"

"அப்பா பால்கனியிலதான்க்கா இருக்காரு."

"வெளயாடாத. பேச்செல்லாம் எங்க?"

சொன்னேன். சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டப் பார்க்கிற ஜன்மம் நான். "ரெண்டு ஊர்லயும் இப்ப பக்காவா ஒரே மாதிரி இருக்குக்கா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகப் பின்னால் கேட்கும் குக்கர் விசில் இன்று இல்லை.

"எனக்கு அவர் கொரலே மறந்துடும்டா," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அவள் பதிவு செய்ததே போனில்தானே!

"அக்கா, உன் போன்ல மொதல்ல பதிஞ்சது இருக்கும்ல? அனுப்பு, இப்பவே ஏத்திடறேன்."

"நீதானேடா எடம் அடைக்குதுன்னு அழிக்கச் சொன்ன."