நானே வளைத்து, நானே வெட்டிய குழாய்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, துபாய்க்கு அந்தப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு வில்லாவின் கார் ஷெட்டில் நடந்தது இது. கார் ஷெட் என்று பேர்தானே தவிர உள்ளே கார் கிடையாது. பாதி கட்டிய விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம்! பாகங்கள் பெட்டி பெட்டியாக வருமாம், கூடவே தடிமனாக ஒரு புத்தகம் வருமாம், அதைப் பார்த்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாமாம். நானும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நான் ஏ.சி. டெக்னீஷியன். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். பதினாறு வருடமாக இங்கே மொட்டை மாடி வெயிலில் நின்று செம்புக் குழாய் வளைத்துக்கொண்டிருக்கிறேன். விமானத்தின் சொந்தக்காரர் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், இங்கே நக்கீல் கடைத்தெருவில் ஏ.சி. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். எல்லோரையும் போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது வயதுக்கு மேல் லைசன்ஸ் எடுத்து, விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இப்போது அதைக் கட்டவும் இறங்கியிருந்தார்.

ஒரு நாள் கடையில் கேட்டார். "தம்பி, வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவுதானே? வீட்டுக்கு வாங்க, கொஞ்சம் பைப் வேலை இருக்கு."

ஏதோ ரூம் ஏ.சி. என்று நினைத்து டூல் பையோடு போனேன். போய்ப் பார்த்தால் இது. இறக்கைக்குள் இருக்கிற பெட்ரோல் டேங்கிலிருந்து சீட்டுக்கு அடியில் ஓடி இன்ஜின் வரை போகிற குழாய்களைப் போட வேண்டும். எந்தக் குழாய் போடுவது என்பதில்தான் சிக்கல்.

பாயின் நண்பர் ஒருவர் அங்கே இருந்தார். சென்னைக்காரர், பேங்கில் பெரிய வேலை, பாய்க்கு முன்பே லைசன்ஸ் எடுத்துப் பல வருடமாகப் பறக்கிறவர். நான் அவரை பைலட் சார் என்பேன். கையில் ஒரு சுருள் கறுப்பு ரப்பர் ஹோஸ் வைத்திருந்தார். டேங்கிலிருந்து இன்ஜின் வரை அதையே ஓட்டிவிடலாம், வளைக்கிற வேலை மிச்சம், கார்களில் அதுதானே இருக்கிறது என்றார். பாய்க்கோ தன் கடையில் சுருள் சுருளாகக் கிடக்கும் செம்புக் குழாயைப் போட ஆசை.

நான் இரண்டுமே வேண்டாம் என்றேன். இந்த ஊர் வெயிலில் ரப்பர் என்ன பாடு படும் என்று தினமும் பார்க்கிறவன் நான். மாடியில் போட்ட ஹோஸ் இரண்டு கோடையில் வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். செம்பு கனம் அதிகம். ஓயாமல் அதிர்ந்தால் இறுகிப்போய் ஒரு நாள் கீறல் விடும். உள்ளே ஓடுகிற இடமெல்லாம் மெல்லிய அலுமினியக் குழாய், இன்ஜின் ஆடுகிற இடத்தில் மட்டும் நல்ல ஹோஸ், அதற்கும் மேலே தீ தாங்குகிற உறை. இதுதான் என் முடிவு.

பைலட் சார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாயைப் பார்த்துச் சொன்னார். "என்ன பாய், ஃப்ளைட்டுக்கு பைப் செலக்ட் பண்ண ஏ.சி.காரரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த 'காரர்' மரியாதைக்குள் இருக்கிற இளக்காரம் எனக்குத் தெரியாதா? அவருடைய ஹோஸில் ஒரு விரல் நீளம் வெட்டி, ஜாம் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு, இறுக்கி மூடி, ஷெட்டுக்கு வெளியே நிழலில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பெட்ரோல் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. ஹோஸ் ஊறி உப்பி, விரலால் அழுத்தினால் கறுப்பாக ஒட்டியது. பாட்டிலை பைலட் சார் முன்னால் வைத்தேன். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அலுமினியமே போட்டுருவோம். புக்குலயும் அதான் இருக்கு" என்றார்.

புத்தகத்தில் இருப்பது புத்தகம் படிக்காமலே எனக்குத் தெரிகிறதே என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு எதற்கு அதைப் புரட்ட வேண்டும்? படங்களை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மொத்தம் பதினோரு குழாய். ஒவ்வொன்றையும் கம்பியில் முதலில் வளைத்து அளவு பார்த்து, பிறகு குழாயில் வளைத்தேன். ஏழு வெள்ளிக்கிழமை பிடித்தது. குழாயின் முனையைப் புனல் மாதிரி விரித்து நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபிளேர். என் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் ஃபிளேர் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் பையில் இருந்த டூலை எடுத்து அடித்தேன். விமானத்தோடு வந்த நட்டுகளில் கூடவே ஒரு சின்ன வளையம் இருந்தது. எங்கள் ஏ.சி. வேலையில் அப்படி ஒன்று கிடையாது. விமானம் என்பதால் கூடுதல் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்து அதையும் கோத்து மாட்டினேன். ஏன் இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை.

காற்றடைத்து, சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி கிடையாது. பைலட் சாரே குனிந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அன்றைக்கு பாயின் மனைவி சாயா கொண்டு வந்தார். அவரை அக்கா என்பேன். விமானத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "இவங்க பறக்குறேன்னு சொன்ன நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமில்ல தம்பி. பெட்ரோல் பைப்பெல்லாம் நீங்க போட்டதாமே. அப்ப பரவால்ல" என்றார். நெஞ்சு நிமிர்ந்துதான் போனது எனக்கு.

அடுத்த வாரத்தை விட்டு அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதாக இருந்தது. அந்தத் தேதியை வாங்க பாய் மாதக்கணக்கில் அலைந்திருந்தார். இன்ஸ்பெக்டர் சரி என்றால் இன்ஜின் ஓட்டிப் பார்க்கலாம், பிறகு பறக்கலாம்.

அதற்கு முந்தின புதன்கிழமை, டூட்டி முடிந்து வந்ததும், நான் ஃபிளேர் அடித்து மிச்சமிருந்த ஒரு துண்டுக் குழாயையும், அது போய் உட்காரும் கூம்பு வைத்த ஒரு ஸ்பேர் ஃபிட்டிங்கையும் ரூமில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மெஸ்ஸில் சமைக்கிறவன் வாங்கிப் பார்த்தான். நட்டுப் போடாமல் குழாயை ஃபிட்டிங் மேல் வைத்து ஆட்டினான்.

"என்னண்ணே, லொடலொடன்னு ஆடுது?"

"நட்டு இறுக்குனா சரியாயிடும்டா. உனக்கு என்ன தெரியும், போய்ப் பருப்பைப் பாரு" என்று விரட்டினேன்.

விரட்டிவிட்டேனே தவிர, கையில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அடித்த ஃபிளேர் எந்த ஏ.சி. ஃபிட்டிங்கிலும் இப்படி ஆடியதில்லை, தொப்பி மாதிரி உட்காரும். ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து ஃபிட்டிங்கின் கூம்பு முழுக்க நீல மை பூசினேன். குழாயை வைத்து அழுத்தித் திருப்பி எடுத்தேன். ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் கூம்பில் அகலமாக மை அழிந்திருக்க வேண்டும். நூல் மாதிரி ஒரு வட்டம்தான் அழிந்திருந்தது. சாய்வே வேறு! என் டூல் விரிக்கிற சாய்வும் அந்தக் கூம்பின் சாய்வும் பொருந்தவில்லை. நட்டு இறுக்கியபோது மெத்தென்ற அலுமினியம் நசுங்கிக் கொடுத்ததால்தான் டெஸ்ட்டில் நின்றிருக்கிறது. இன்ஜின் ஓடி, மணிக்கணக்கில் அதிர்ந்தால், அந்த நூல் வட்டத்தில்தான் கீறல் விழும். அது சீட்டுக்கு அடியில். பாய் உட்காருகிற சீட்.

வியாழக்கிழமை முழுக்க என்னோடு நானே சண்டை போட்டேன். டெஸ்ட்டில் நிற்கிறதே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும், பிறகு மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று இன்னொரு தடவை. பைலட் சாரின் முகம் கண் முன்னால் வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொள் என்றுதான் மனசு சொன்னது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நாள் நான் அவ்வளவு நல்லவனாக இல்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சாப்பாடு இங்கதான், பைலட் சாரும் வர்றார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷெட்டில் நான் மட்டும். முதல் தடவையாக அந்தப் புத்தகத்தில் குழாய் பற்றிய பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கட்டம் கட்டிப் போட்டிருந்தான். முப்பத்தேழு டிகிரி டூலால் மட்டுமே ஃபிளேர் அடிக்க வேண்டும், நாற்பத்தைந்து டிகிரி கூடவே கூடாது. என் பையில் இருந்தது நாற்பத்தைந்து. ஏ.சி.க்கு உலகம் முழுக்க அதுதான். அந்தச் சின்ன வளையமும் முப்பத்தேழு டிகிரி ஃபிளேரைப் பின்னாலிருந்து தாங்குவதற்காம்.

பாயிடம் சொல்லிவிட்டு மாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை போகட்டும் தம்பி என்பார். நானும் சரி என்றுவிடுவேன். அந்த 'சரி'யை என் வாய் சொல்லும் என்பதுதான் எனக்குப் பயம். ஸ்பானரை எடுத்தேன். பதினோரு குழாயையும் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தேன். கட்டரை எடுத்து ஒவ்வொன்றையும் நட்டநடுவில் வெட்டினேன், யார் நினைத்தாலும் திரும்ப மாட்ட முடியாதபடி. ஏழு வெள்ளிக்கிழமை வேலை, ஜும்மா முடிவதற்குள் இருபத்திரண்டு துண்டு.

பாயும் பைலட் சாரும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். பாய் தரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"யாரையும் கேக்கலை பாய். போட்டது நான். தப்பாப் போட்டதும் நான்தான்."

"செவ்வாக்கிழமை ஆள் வர்றாரு. நான் என்ன சொல்லுவேன் அவர்கிட்ட?"

"என் மேல பழியைப் போடுங்க. அந்தப் பைப்போட நீங்க ஏறக் கூடாது, அவ்வளவுதான்."

பைலட் சார் ஒரு துண்டைக் காலால் தள்ளினார். "லீக் இல்லைன்னு நுரை போட்டுக் காமிச்சதே நீங்கதானே? இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன், ஏ.சி.காரர்கிட்ட இதெல்லாம் குடுக்காதீங்கன்னு."

அதுவரைக்கும் குனிந்துதான் நின்றேன். அந்த வார்த்தைக்குத் தலை தானாக நிமிர்ந்தது.

"ஆமா சார், ஏ.சி.காரன் பண்ணின தப்புதான். அதைக் கண்டுபிடிச்சதும் அதே ஏ.சி.காரன்தான். நீங்களும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்களே, கண்டுபிடிச்சீங்களா?"

நான் ரூமிலிருந்து கொண்டு வந்திருந்த மார்க்கர் பூசிய ஃபிட்டிங்கை பாய் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டு, "நீங்க படிக்கலை, சரி. நான் படிச்சேனா? கட்டுறவன் நான்தானே" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்றுதான் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். இனிமேல் ஒரு நட்டு மாட்டுவதாக இருந்தாலும், அந்தப் பக்கத்தை நான் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் தேதி போயே போய்விட்டது. அக்கா இரண்டு வெள்ளிக்கிழமை என்னோடு பேசவில்லை. நியாயம்தான், நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஹைட்ராலிக் ஹோஸ் கடை ஒன்றில் முப்பத்தேழு டிகிரி டூல் கிடைத்தது. கொளுத்துகிற ஜூன் மாதத்தில் மறுபடியும் பதினோரு குழாய். ஒவ்வொரு பக்கத்தையும் என் அறந்தாங்கி இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பைலட் சார் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கிற நாளில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு முனைக்கும் மை பூசி, அகலமாக அழிகிறதா என்று பாயிடம் காட்டிவிட்டுத்தான் இறுக்கினேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து பார்த்துச் சரி என்ற பிறகு, ஜனவரியில் ஒரு காலை, சின்ன ரன்வே ஒன்றில் பாய் தனியாக ஏறி உட்கார்ந்தார். அக்கா என் பக்கத்தில் நின்றார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விமானம் மேலே போய்க் கடல் பக்கம் திரும்பும் வரை பதினோரு குழாயையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா திரும்பி, "பைப்பெல்லாம் கெட்டியா இருக்குல்ல தம்பி?" என்று கேட்டபோது, அவர் கண்ணைப் பார்த்து "இருக்குக்கா" என்று சொல்ல முடிந்தது. பாய் நல்லபடியாக இறங்கினார். பைலட் சார் பாயைக் கட்டிப்பிடித்தார், எனக்குக் கை கொடுக்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

இப்போதும் அதே மொட்டை மாடிகளில்தான் வேலை பார்க்கிறேன். "டெஸ்ட்ல நிக்குதுல்ல, கலாஸ், முடிஞ்சுது, விடு" என்று சூப்பர்வைசர் சொன்னால், எனக்குத் திருப்தியில்லாத ஃபிளேரை அவர் கண் முன்னாலேயே வெட்டுகிறேன். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஏ.சி.காரன்தானே என்று இளக்காரமாகப் பேசுகிறவனையும் நான் விடுவதில்லை. திமிர் பிடித்தவன் என்கிறார்கள், இருக்கட்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் திமிர் முதலில் எதிர்த்து நிற்பது என் கை செய்த வேலையைத்தான், மற்றவன் முறை அதற்கப்புறம்தான் வருகிறது.